தெருவைப் படம் பிடித்த தொழிலாளி

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை)



வாழ்க்கை வரலாறு என்றாலே தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள் பற்றித்தான் மலர்களில் எழுதுவது வழக்கம். நான் எழுதப் போகிறவர் நாட்டை ஆண்டவர் அல்ல. புதிதாக எதையும் கண்டுபிடித்தவரும் அல்ல. ஒரு மரப்பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு முப்பது வருஷத்துக்கும் மேல் பாரிஸ் நகரத்துத் தெருக்களில் நடந்தவர். அவ்வளவுதான்! ஆனால் தெருவைப் படம் எடுப்பது என்று ஒரு கலை இன்றைக்கு உலகமெங்கும் வளர்ந்திருக்கிறதே, அதற்கு முன்னோடிகள் யார் என்று கேட்டால் முதலில் சொல்லப்படும் சில பெயர்களில் இவர் பெயரும் ஒன்று. அவர்தான் யூஜீன் அட்ஜே.

இவரை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கையில் புதுசாகச் செல்போன் வந்த சமயம். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலை வெயில் அவர் கை மேல் அழகாக விழுந்திருந்தது. கேட்காமல் கொள்ளாமல் போனை நீட்டி எடுத்துவிட்டேன். அவர் சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. படத்தை அழித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். தெருவில் இருப்பவர்களைப் படம் எடுக்க நமக்கு என்ன உரிமை, எடுத்தால் எப்படி எடுக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. பிறகு நூலகத்தில் புகைப்படக் கலை பற்றிய பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, அதற்குள் அட்ஜே இருந்தார்.

இளமையும் கடலும்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில், போர்தோ நகருக்கு அருகில் லிபூர்ன் என்ற ஊர். அங்கே 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி அட்ஜே பிறந்தார். தந்தை குதிரை வண்டி செய்யும் தொழிலாளி. ஐந்தாறு வயதுக்குள் தந்தையும் போனார், தாயும் போனார். தாயைப் பெற்ற பாட்டனும் பாட்டியும்தான் போர்தோவில் வைத்து வளர்த்தார்கள். படிப்பை முடித்த கையோடு கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கடலில் சில காலம் கழிந்தது.

ஆனால் மனசு முழுக்க நாடகம். நடிகனாக வேண்டும் என்ற ஆசை! 1878-இல் பாரிசுக்கு வந்து அரசாங்க நாடகக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு எழுதினார். தோல்வி. மறுபடி எழுதினார். 1879-இல் இடம் கிடைத்தது. (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!) ஆனால் அதே காலத்தில் கட்டாய ராணுவச் சேவையும் வந்து சேர்ந்தது. பாதி நேரம் முகாம், பாதி நேரம் கல்லூரி. வகுப்புக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. 1881-இல் கல்லூரியை விட்டு வெளியேற்றப்பட்டார்.

அப்படியும் அவர் நடிப்பை விடவில்லை. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் சேர்ந்து சின்னச் சின்ன வேடங்கள் போட்டார். அந்த நாட்களில்தான் வாலன்டின் என்ற நடிகையைச் சந்தித்தார். அவர்தான் அட்ஜேயின் வாழ்க்கைத் துணை. நாற்பது வருஷம் கூடவே இருந்தவர். ஆனால் மேடையும் நிலைக்கவில்லை. 1887 வாக்கில் தொண்டையில் நோய் கண்டு குரல் கெட்டது. குரல் போன நடிகனுக்கு ஏது மேடை?

முப்பது வயது. கையில் பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. படம் வரைந்து பார்த்தார், அதுவும் சோறு போடவில்லை. அப்போதுதான் கேமராவைக் கையில் எடுத்தார்.

வாசலில் தொங்கிய பலகை

1890-இல் பாரிசுக்குத் திரும்பிய அட்ஜே தன் வீட்டு வாசலில் ஒரு பலகை மாட்டினார். கலைஞர்களுக்கு வேண்டிய ஆவணங்கள் இங்கே கிடைக்கும் என்பது அதன் பொருள். நண்பர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தன்னைக் கலைஞர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. கலைஞர்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஆள் என்றார். நம்ம பாஷையில் சொன்னால் சப்ளையர்.

ஓவியருக்கு ஒரு மரம் வரைய வேண்டுமா? மரத்தின் படம் அட்ஜேயிடம் இருக்கும். நாடகத்துக்குத் திரை எழுதுபவருக்குப் பழைய தெருமுனை வேண்டுமா? இருக்கும். தச்சருக்கு இருநூறு வருஷத்துக் கதவின் வேலைப்பாடு, கொல்லருக்கு இரும்புக் கிராதி, கட்டடக் கலைஞருக்கு மாடிப்படியின் வளைவு... எல்லாம் இருக்கும். வீடு வீடாக, நூலகம் நூலகமாகத் தானே எடுத்துக்கொண்டு போய் விற்றார். 1899-இல் மோன்பர்னாஸ் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடிக்குக் குடிபோனார். சாகும்வரை அதே வீடுதான்.

அவர் முறையும் கருவியும்

நாம் டெக்னிக்கல் பசங்க ஆச்சே! கருவியைப் பற்றிப் பேசாமல் எப்படி?

அட்ஜேயின் கேமரா துருத்தி வைத்த மரப்பெட்டி. உள்ளே போடுவது பிலிம் அல்ல, கண்ணாடித் தகடு. அளவு 18 செ.மீ.க்கு 24 செ.மீ. ஏறக்குறைய நம்ம நோட்டுப் புத்தகம் அளவு. கேமரா, முக்காலி, தகடுகள் எல்லாம் சேர்ந்து சுமார் இருபது கிலோ. இதைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். இடம் பார்த்து முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் காட்சியைப் பார்க்க வேண்டும். அது தலைகீழாகத் தெரியும். கூர்மை சரிசெய்து, தகட்டைச் செருகி, லென்ஸைத் திறந்து, நொடிகளை எண்ணி மூட வேண்டும். ஒரு படத்துக்கு இத்தனை வேலை! செல்போனில் நாம் ஒரு நிமிஷத்தில் முப்பது படம் எடுத்துத் தள்ளுகிறோம். ஒரு தகடு வீணானால் அவருக்குக் காசு நஷ்டம், முதுகு வலியும் மிச்சம். அதனால் எடுப்பதற்கு முன்னால் பார்த்தார், நன்றாகப் பார்த்தார்.

அவர் படங்கள் சிலவற்றில் மேல் இரண்டு மூலைகளும் வட்டமாகக் கறுத்திருக்கும். இது ஏன் தெரியுமா? உயரமான கட்டடத்தை எடுக்கும்போது கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் சுவர்கள் சாய்ந்து தெரியும். எனவே கேமராவை மட்டமாக வைத்துவிட்டு, லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே ஏற்றுவார். அப்போது சுவர் நேராக நிற்கும். ஆனால் லென்ஸிலிருந்து வரும் வெளிச்சம் ஒரு வட்டமாகத்தானே விழும்? பலகையை அளவுக்கு மேல் ஏற்றினால் தகட்டின் மூலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். அதுதான் அந்தக் கறுப்பு மூலை. மூலை கறுத்தாலும் பரவாயில்லை, சுவர் சாயக்கூடாது என்பது அவர் கணக்கு.

பிரிண்ட் போடுவதும் வீட்டிலேயேதான். முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தின் மேல் கண்ணாடி நெகட்டிவை வைத்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காட்டுவார். பெரிதாக்குவது கிடையாது. நெகட்டிவ் என்ன அளவோ அதே அளவுதான் பிரிண்டும். சூரியனே அச்சடிக்கும். பிறகு தங்க உப்புக் கரைசலில் நனைத்தால் அந்தப் பழுப்பு நிறத்துக்கு ஒரு செழுமை வரும். ஒவ்வொரு நெகட்டிவிலும் எண் கீறுவார். பிரிண்டின் பின்னால் எந்தத் தெரு, எந்த இடம் என்று பென்சிலால் எழுதுவார். லேப் ரெக்கார்டு எழுத அலுத்துக்கொள்ளும் எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

தெருத் தொழிலாளர்கள்

அட்ஜேயின் படங்களில் என்னை அப்படியே நிறுத்தியவை 1898-லிருந்து 1900 வரை அவர் எடுத்த தெருத் தொழிலாளர் படங்கள். கூவி விற்பவர்கள், கைத்தொழில் செய்பவர்கள். விளக்கு மூடிகளை உடம்பெல்லாம் மாட்டிக்கொண்டு விற்கும் ஆள். குடை விற்பவர். கூடை விற்பவர். சாணை பிடிப்பவர். தார் ஊற்றித் தெரு போடும் கூலியாட்கள். மலை மாதிரி மூட்டை ஏற்றிய வண்டியைத் தன்னந்தனியே இழுத்துக்கொண்டு வரும் குப்பை பொறுக்கும் மனிதர்.

கைப்பெட்டி வாத்தியத்தைச் சுற்றி இசை எழுப்பும் ஒரு கிழவரும், பக்கத்தில் நின்று பாடும் ஒரு குள்ளமான பெண்ணும் உள்ள படம் ரொம்பப் பிரசித்தம். கிழவர் கேமராவை முறைத்துப் பார்க்கிறார். அந்தப் பெண்ணோ வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி பாடுகிறாள். படம் எடுத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் வாடவில்லை.

இப்போது கவனியுங்கள். இருபது கிலோ சாமானை வைத்துக்கொண்டு யாரையும் ஒளிந்து எடுக்க முடியாது. முக்காலி போட்டுத் துணிக்குள் தலையை விடும் ஆளைத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும். எதிரில் நிற்பவர் சம்மதித்து அசையாமல் நின்றால்தான் படம். ஆகவே அந்தப் படங்களில் இருப்பவர்கள் அட்ஜேக்காக நின்றவர்கள். தங்கள் வண்டியோடு, தங்கள் சரக்கோடு, நிமிர்ந்து நிற்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நான் செய்யாமல் விட்டது எது என்று இங்கேதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தாத்தா ஈயம் பூசுபவர். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசத் துருத்தியும் கரியும் நவச்சாரமும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போவார் என்று அப்பா சொல்வார். எவர்சில்வர் வந்தது, அந்தத் தொழில் போனது. தாத்தாவின் படம் என்று எங்கள் வீட்டில் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான். துருத்தி இல்லை, நெருப்பு இல்லை, அவர் உட்கார்ந்த தெருவும் இல்லை. பாரிசில் யாரோ ஒரு குடை விற்றவரின் முகமும் தொழிலும் பத்திரமாக இருக்கிறது. என் தாத்தாவின் தொழில் எங்கேயும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அந்த ஆதங்கம்தான்.

இடிபடும் நகரம்

அட்ஜே பிறப்பதற்குச் சற்று முன்பே பாரிஸ் நகரத்தை இடித்துக் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. 1853-லிருந்து 1870 வரை ஓஸ்மான் என்ற அதிகாரி தலைமையில் பழைய குறுகல் சந்துகளை இடித்துத் தள்ளி, நேர்நேரான அகன்ற சாலைகள் போட்டார்கள். அதன் பிறகும் இடிப்பது நிற்கவில்லை. மிச்சமிருந்த பழைய பாரிசைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று 1897 வாக்கில் அட்ஜே முடிவு செய்தார். அன்றிலிருந்து அதுவே அவர் வாழ்நாள் வேலை.

முற்றங்கள், மாடிப்படிகள், கடைப் பலகைகள், கதவுத் தட்டிகள், சந்துகள், சாராயக் கடைகள். ஒரே இடத்துக்கு வருஷம் கழித்து மறுபடி போவார். வேறு வெளிச்சத்தில் மறுபடி எடுப்பார். தோல் பதனிடும் பட்டறைகளின் ஓரமாகப் பாரிசுக்குள் ஓடிய பியேவ்ர் என்ற சிற்றாற்றை எடுத்தார். நகரத்துக்குள் இருந்த பகுதி முழுவதையும் 1912-க்குள் மூடிவிட்டார்கள். ஆறு மண்ணுக்கு அடியில் போனது. அட்ஜேயின் தகட்டில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது!

நகரத்துக் கோட்டைச் சுவருக்கு வெளியே, கட்டடம் கட்டக்கூடாது என்று ஒதுக்கிய நிலம் ஒன்று இருந்தது. அங்கே குடிசை போட்டும், பழைய வண்டிகளுக்குள் குடியிருந்தும் குப்பை பொறுக்கிப் பிழைத்த குடும்பங்கள் வாழ்ந்தன. பாரிசின் அழகைத் தேடி வந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அட்ஜே போனார். கோயில் கதவை எப்படி எடுத்தாரோ, அதே பொறுமையோடு அந்தக் குடிசை வாசலையும் எடுத்தார். தேசிய நூலகத்துக்கு அவர் விற்ற ஏழு ஆல்பங்களில் இந்த மக்களுக்கென்றே ஓர் ஆல்பம் உண்டு. வண்டிகளுக்கு ஓர் ஆல்பம். கடைகளுக்கும் தொழில்களுக்கும் ஓர் ஆல்பம். வீட்டு உட்புறங்களுக்கு ஓர் ஆல்பம். இதில் ஒரு வேடிக்கை! அந்த வீட்டுப் படங்களில் சில, வேறு யாருடைய வீடோ என்று குறிப்பு எழுதி அவர் சேர்த்துவிட்ட அவருடைய சொந்த வீடு. பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

பல தெருப் படங்களில் ஆளே இருக்க மாட்டார்கள். விடியற்காலையில் எடுத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், லென்ஸ் சில நொடி திறந்திருப்பதால் நடந்து போகிறவர் பதிவாக மாட்டார், அல்லது புகை மாதிரி ஒரு நிழலாகத் தெரிவார். நின்றவர் நிலைத்தார், நடந்தவர் மறைந்தார். எண்ணிப் பார்த்தால் ஒரு தத்துவம் மாதிரியே இருக்கிறது.

கடைக் கண்ணாடிகளையும் அவர் விடவில்லை. பொம்மைகள் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு நிற்கும். அதே கண்ணாடியில் எதிர்ச் சாரிக் கட்டடமும் மரமும் பிரதிபலிக்கும். உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது என்று தெரியாது. பிற்காலத்தில் தெருப் படம் எடுத்தவர்கள் பலரும் திரும்பத் திரும்பக் கையாண்ட காட்சி இது.

போரும் முதுமையும்

1914-இல் முதல் உலகப் போர் வந்தது. வியாபாரம் படுத்தது. வாலன்டினின் மகன் போரில் இறந்தான். அட்ஜே தன் கண்ணாடித் தகடுகளை நிலவறையில் பத்திரப்படுத்தினார். அந்த வருஷங்களில் அவர் எடுத்த படங்கள் மிகக் குறைவு.

போர் முடிந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பிள்ளை இல்லை, வாரிசு இல்லை. தனக்குப் பிறகு இந்தத் தகடுகள் அருமை தெரியாதவர் கையில் சிக்கி அழிந்துவிடுமோ என்ற கவலை அவரை அரித்தது. அரசாங்கத்துக்கு எழுதினார். 1920-இல் 2,621 நெகட்டிவ்களை 10,000 பிராங்குக்கு அரசாங்கம் வாங்கிக்கொண்டது. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பு! ஆனால் அந்தப் பணம் அவருக்கு ஒரு விடுதலையைக் கொடுத்தது. இனி வாடிக்கையாளர் கேட்டதை மட்டும் எடுக்க வேண்டியதில்லை. மனசுக்குப் பிடித்ததை எடுக்கலாம்.

அந்தக் கடைசி வருஷங்களில் அவர் எடுத்த படங்களைத்தான் பலர் அவருடைய உச்சம் என்கிறார்கள். 1925-இல் பாரிசுக்கு வெளியே ஸோ என்ற இடத்தில், பராமரிப்பு இல்லாமல் கிடந்த ஒரு பழைய பூங்காவுக்குப் போய்ப் போய் எடுத்தார். படத்தின் குறிப்பில் மார்ச் மாதம், காலை ஏழு மணி என்கிற மாதிரி நேரத்தையும் எழுதி வைத்தார். வயது அறுபத்தெட்டு. வயிற்று நோயால் பல வருஷமாகப் பாலும் ரொட்டியும் சர்க்கரையும்தான் ஆகாரம். அந்த உடம்போடு இருபது கிலோவைத் தூக்கிக்கொண்டு காலை ஏழு மணிக்கு அங்கே நின்றிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகும் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்ததும் அதே 1925-இல்தான். தெருப் படக் கலை அதன் பிறகு வேறு வேகம் எடுத்தது. ஓடுகிறவனை ஓடும்போதே பிடிக்கும் கலையாக மாறியது. ஆனால் அட்ஜே தன் மரப்பெட்டியை விடவில்லை. எல்லாரும் புது மாடலுக்கு ஓடும்போது, கையிலிருக்கும் கருவியை முழுசாகத் தெரிந்து வைத்திருப்பதும் ஒரு பலம்தானே.

கண்டெடுத்த கைகள்

அட்ஜே குடியிருந்த அதே தெருவில் மான் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் இருந்தார். புதுமைக் கலைஞர்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர். அட்ஜேயிடம் சில டஜன் படங்கள் வாங்கினார். 1926-இல் அந்தக் கூட்டத்தின் பத்திரிகையில் அவற்றில் சில வெளிவந்தன. அட்டையிலேயே ஒன்று! 1912-இல் சூரிய கிரகணத்தன்று பாரிஸ் சதுக்கத்தில் ஒரு கும்பல் கறுப்புக் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் படம். எல்லாரும் சூரியனை எடுக்க நினைக்கும் நாளில் இவர் சூரியனைப் பார்க்கும் மனிதர்களை எடுத்தார். ஆனால் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அவை வெறும் ஆவணங்கள்.

மான் ரேயின் உதவியாளராக இருந்தவர் பெரெனிஸ் ஆபட் என்ற இளம்பெண். அட்ஜேயின் படங்களைப் பார்த்ததும் அசந்து போனார். மாடியேறிப் போய் அறிமுகம் செய்துகொண்டார். கையில் காசு இருந்தபோதெல்லாம் படம் வாங்கினார். 1926-இல் வாலன்டின் இறந்தார். அட்ஜே இடிந்து போனார். 1927-இல் ஆபட் தன் ஸ்டுடியோவுக்கு அவரை அழைத்துப் படம் எடுத்தார. வழக்கமான ஒட்டுப்போட்ட வேலை உடுப்பில் வருவார் என்று எதிர்பார்த்தால், நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார் மனிதர். ஆயிரக்கணக்கான படம் எடுத்தவருக்கும் தன்னை எடுக்கும்போது நல்ல சட்டை போட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது!

அந்தப் படத்தை அவர் பார்க்கவில்லை. ஆபட் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனபோது அட்ஜே உயிரோடு இல்லை. 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் தேதி தம் 70-ஆவது வயதில் காலமாகிவிட்டார்.

ஆபட் சும்மா இருக்கவில்லை. அட்ஜேயின் பழைய நாடக நண்பர் கால்மெத் என்பவர் பொறுப்பில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களையும் பல ஆயிரம் பிரிண்டுகளையும் தேடிப் பிடித்து 1928-இல் வாங்கினார். அவரும் பணக்காரர் அல்ல. எல்லாவற்றையும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கட்டிக் காத்தார். 1930-இல் முதல் புத்தகம் வெளிவந்தது. 1968-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1981-லிருந்து 1985 வரை நான்கு பெரிய கண்காட்சிகள் நடத்தியது. புரியாமல் இருந்த அந்த நெகட்டிவ் எண்கள் வரிசை வரிசையாகப் பொருள்வாரியாகப் போட்ட ஒரு பட்டியல் என்பதும் ஆராய்ச்சியில் தெரிய வந்தது. மொத்தம் சுமார் 8,500 நெகட்டிவ்கள். ஒரே மனிதர்! ஆபட் பிறகு அட்ஜே வழியிலேயே மாறிவரும் நியூயார்க் நகரத்தைத் தானே படம் எடுத்துப் பெரும் பெயர் பெற்றது தனிக் கதை.

நாம் எடுத்துக்கொள்வது என்ன?

நண்பர்களே, அட்ஜே வெற்றி பெற்றவரா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாடகக் கல்லூரி வெளியே அனுப்பியது. மேடை கைவிட்டது. உயிரோடு இருந்தவரை ஊர் அவரைப் படம் விற்கும் ஆளாகத்தான் பார்த்தது. அவரும் அப்படித்தான் இருந்தார். ஆனால் அந்தத் தொழிலைச் சுத்தமாகச் செய்தார். நேரத்தில் போனார். எதிரில் இருந்ததை மதித்து நின்று பார்த்தார். எண் போட்டார். இடம் எழுதினார். மறுபடி போனார். தெருப் படக் கலையின் அடிப்படை இதுதான் என்று எனக்குப் படுகிறது. விலை உயர்ந்த கேமரா எல்லாம் அப்புறம்.

முதலாமாண்டு சேரும்போது விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் சுயதொழில் என்று எழுதிவிட்டேன். என் அப்பா தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். பக்கத்தில் நின்ற பையன் பார்த்துவிடுவானோ என்ற கூச்சம்தான். அட்ஜேயின் படங்களில் வண்டியோடு நிமிர்ந்து நிற்பவர்களைப் பார்த்த பிறகு அந்தக் கட்டம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அப்பாவின் வண்டிக்கு எதிரே போய் நின்றேன். படம் எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பெட்டியில் கரியை ஊதிவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, அசையாமல் நின்றார். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுப் பின்பக்கம் தெருப் பெயர், தேதி, காலை 6.30 என்று பென்சிலால் எழுதினேன். தொழில் என்னவென்றும் எழுதினேன், இந்த முறை உள்ளபடி.

உங்கள் தெருவிலும் யாராவது இருப்பார்கள். கேட்டுவிட்டு எடுங்கள். பின்னால் மறக்காமல் எழுதி வையுங்கள்.